கிஃப்ட்: ஓர் ஊரில் பரிசு, ஓர் ஊரில் நஞ்சு, ஓர் ஊரில் கல்யாணம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘பிறந்தநாளுக்கு என்ன கிஃப்ட்?’ என்று தமிழிலேயே கேட்டுப் பழகிவிட்ட சொல் இது. ஜெர்மன் படிக்க ஆரம்பிப்பவர்களுக்கு முதல் மாதத்திலேயே இதனால் ஓர் அதிர்ச்சி கிடைக்கிறது. ஸ்வீடனுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய அதிர்ச்சி. அப்படிப்பட்ட நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், தேடிப் படித்துத் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். நான்கெழுத்துச் சொல்தான். ஆனால் அதை இழுத்தால் ஐரோப்பாவின் வடபாதி முழுக்கக் கூடவே வருகிறது.

ஜெர்மன் மொழியில் ‘கிஃப்ட்’ என்றால் உண்மையிலேயே விஷம்தானா?

ஆமாம். எழுத்தும் உச்சரிப்பும் ஆங்கிலத்தில் இருப்பது போலவேதான்; பொருள் மட்டும் நஞ்சு. எலி மருந்துக்கு ‘ராட்டன்கிஃப்ட்’, விஷப்பாம்புக்கு ‘கிஃப்ட்ஷ்லாங்கெ’, விஷவாயுவுக்கு ‘கிஃப்ட்காஸ்’. குழந்தை எதையாவது தவறுதலாக விழுங்கிவிட்டால் பதறிக்கொண்டு கூப்பிடும் தொலைபேசி உதவிக்கு ‘கிஃப்ட்நோட்ரூஃப்’ என்று பெயர். பழைய மருந்துக்கடைகளில் கொடிய நஞ்சுகளை வைத்திருந்த ஜாடிகளுக்குக் கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தில் பெயர் எழுதுவார்கள். அந்த ஜாடிகளைத் தனியாகப் பூட்டிவைக்கும் அலமாரி ‘கிஃப்ட்ஷ்ராங்க்’, அதாவது நஞ்சு அலமாரி. நூலகங்களில் எல்லோர் கையிலும் கொடுக்கக் கூடாது என்று ஒதுக்கிய புத்தகங்களைப் பூட்டிவைத்த இடத்துக்கும் இதே பெயர்தான் வந்து ஒட்டிக்கொண்டது.

பேச்சு வழக்கிலும் நிறைய இருக்கிறது. ‘இது நிச்சயம் நடக்கும்’ என்பதற்கு ‘இதை நம்பி நீ நஞ்சே சாப்பிடலாம்’ என்பார்கள். ‘கிஃப்டிக்’ என்றால் நச்சுத்தன்மை உள்ளது. ஆஸ்திரியாவிலும் பவேரியாவிலும் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது என்று சொல்லவும் இந்தச் சொல்லிலிருந்து பிறந்த வினை உண்டு.

ஆங்கில கிஃப்டும் ஜெர்மன் கிஃப்டும் ஒரே சொல்லா, இல்லை தற்செயலாக ஒரே மாதிரி இருக்கிறதா?

ஒரே சொல்தான். தற்செயல் கிடையாது.

ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வேஜியன், ஐஸ்லாந்து மொழி எல்லாம் ஜெர்மானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ‘கொடு’ என்ற பொருளுள்ள வினை ஒன்று இவை எல்லாவற்றிலும் உண்டு: ஆங்கிலத்தில் ‘கிவ்’, ஜெர்மனில் ‘கேபன்’, டச்சில் ‘கேவன்’. அந்த வினையின் பின்னால் ஒரு ‘ட்’ ஒலியைச் சேர்த்துப் பெயர்ச்சொல்லாக்கினால் கிடைப்பதுதான் ‘கிஃப்ட்’. அதன் நேர்ப்பொருள் ‘கொடுத்தது’ அல்லது ‘கொடை’. ‘வ்’ ஒலி ‘ட்’டுக்கு முன்னால் வரும்போது ‘ஃப்’ ஆகிவிடும். ஆங்கிலத்தில் ‘டிரைவ்’ என்பதிலிருந்து ‘டிரிஃப்ட்’ பிறந்ததும் இதே ‘ட்’டால்தான். ஜெர்மனில் எழுதுவது ‘ஷ்ரைபன்’, எழுத்து ‘ஷ்ரிஃப்ட்’.

ஆகவே எல்லா இடத்திலும் ஆரம்பப் பொருள் ‘கொடுத்தது’ மட்டும்தான். என்ன கொடுத்தார்கள் என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம். கொடுத்தவற்றில் எது ஒரு மக்களின் நினைவில் அழுத்தமாக நின்றதோ அதற்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது என்பதுதான் நான் புரிந்துகொண்டது. கீழே வரும் பதில்கள் எல்லாம் இதைச் சுற்றியே வரும்.

சரி, ‘கொடுத்தது’ எப்படி ‘விஷம்’ ஆனது?

இதற்கு ஒரு கிரேக்க வைத்தியரின் மேசைக்குப் போக வேண்டும். கிரேக்கத்தில் ‘டிடோமி’ என்றால் கொடுக்கிறேன். அதிலிருந்து வந்த பெயர்ச்சொல் ‘டோசிஸ்’, அதாவது கொடுத்தல். வைத்தியர்கள் நோயாளிக்கு ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தின் அளவை ‘டோசிஸ்’ என்றார்கள். நாம் இன்று ‘ரெண்டு டோஸ் ஊசி போட்டாச்சு’ என்கிறோமே, அந்த டோஸ் இதுதான். இந்தச் சொல் மருத்துவ நூல்களோடு லத்தீனுக்குப் போனது. லத்தீன் நூல்களைப் படித்த ஜெர்மானியர்கள் ‘டோசிஸ்’ என்பதைத் தங்கள் மொழியில் அப்படியே பெயர்த்தார்கள்: கொடுத்தல், கொடை, அதாவது ‘கிஃப்ட்’. முதலில் அது மருந்தின் ஒரு வேளை அளவு. பிறகு கொல்வதற்காகக் கொடுக்கும் அளவு. கடைசியில் நஞ்சு.

அதற்கு முன் ஜெர்மானிய மொழிகளில் நஞ்சுக்குச் சொல்லே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. எல்லோருக்கும் பொதுவாகப் பழைய சொல் ஒன்று இருந்தது. பழைய ஜெர்மனில் ‘ஐட்டர்’. இன்றைய ஜெர்மனில் அது சீழ் என்ற பொருளுக்குச் சுருங்கிவிட்டது. ஐஸ்லாந்து மொழியில் இன்றும் ‘எய்டுர்’ என்றால்தான் நஞ்சு. டென்மார்க்கில் சிலந்தியை ‘எடர்கோப்’ என்கிறார்கள். அதன் முன்பாதி இந்தப் பழைய நஞ்சுச் சொல்தான். கூரான நேர்ச்சொல் ஒன்று கையில் இருந்தும் மக்கள் ‘கொடுத்தது’ என்ற பூசிய சொல்லுக்கு மாறியிருக்கிறார்கள். நஞ்சைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் மனம் வருவதில்லை.

நம் பேச்சைக் கொஞ்சம் கவனித்தால் இது எளிதாக விளங்கும். வயலில் பூச்சிக்கொல்லி தெளிப்பதை ‘மருந்து அடிக்கிறோம்’ என்கிறோம். கடையில் எலிக்கு ‘மருந்து’ கேட்கிறோம். எலியின் நோயைத் தீர்க்கவா கேட்கிறோம்? அந்தப் பொட்டலத்தின் மேல் மண்டையோட்டுப் படம் போட்டிருக்கும். நம் வாயில் வருவதோ மருந்து என்ற சொல். கிரேக்கத்தில் ‘ஃபார்மகோன்’ என்ற ஒரே சொல்லுக்கு மருந்து, நஞ்சு இரண்டு பொருளும் உண்டு. இதைவிட நெருக்கமாக ‘இடுமருந்து’ என்ற சொல்லைப் பாருங்கள். யாருக்கும் தெரியாமல் சோற்றில் கலந்து வைத்து ஒருவரை மயக்கிவிடுவதாகக் கிராமங்களில் சொல்வார்களே, அது. ‘இடு’ என்றால் கொடு, போடு. சோறு இடுவதும் அந்த இடுதல்தான், மருந்து இடுவதும் அந்த இடுதல்தான். ஜெர்மன்காரர்களின் மனம் போன பாதையில் நம் மனமும் தனியாக நடந்து போயிருக்கிறது.

‘டோசிஸ்’, ‘கிஃப்ட்’ இரண்டும் இன்றைய ஜெர்மனில் இருக்கின்றனவா?

இரண்டும் உண்டு. டோசிஸ் என்றால் அளவு, கிஃப்ட் என்றால் நஞ்சு. இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்து எழுதியவர் பாராசெல்சஸ். சுவிட்சர்லாந்தில் 1493-ல் பிறந்த மருத்துவர். பாதரசம் போன்ற கடுமையான பொருள்களை மருந்தாகக் கொடுத்தவர். ‘இவர் நோயாளிகளுக்கு நஞ்சு கொடுக்கிறார்’ என்று அவர்மேல் குற்றம் சொன்னார்கள். அதற்கு 1538-ல் அவர் எழுதிய பதிலில் வரும் வாக்கியத்தின் சாரம் இது: எல்லாப் பொருளும் கிஃப்ட், கிஃப்ட் இல்லாத பொருளே இல்லை, ஒரு பொருளைக் கிஃப்ட் ஆகாமல் காப்பது டோசிஸ் மட்டுமே.

‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்ற நம் பழமொழிதான் இது. இன்றைய நச்சியல் படிப்பில் முதல் பாடமாகச் சொல்லித் தருவதும் இந்த வாக்கியத்தைத்தான். எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. சொற்களின் வேரைப் பார்த்தால் டோசிஸும் கொடுத்தல், கிஃப்டும் கொடுத்தல். நஞ்சையும் அதற்குக் கடிவாளம் போடும் அளவையும் குறிக்கும் இரண்டு சொற்களும் ஒரே பொருளிலிருந்து கிளம்பி, ஒரே வாக்கியத்தில் எதிரெதிரே வந்து நிற்கின்றன.

நஞ்சு முறிவைக் குறிக்கும் ‘ஆன்டிடோட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதே கிரேக்க வினையிலிருந்து வந்ததுதான்: ‘எதிராகக் கொடுத்தது’. ஜெர்மனில் ‘கேகன்கிஃப்ட்’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் எதிர்க்கொடை.

ஃபிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் நஞ்சுக்கு உள்ள சொற்களும் இப்படித்தானா?

அவையும் பூசிய சொற்கள்தான். ஆங்கிலத்தின் ‘பாய்சன்’ ஃபிரெஞ்சிலிருந்து வந்தது. ஃபிரெஞ்சுக்கு அது லத்தீனின் ‘போட்டியோ’விலிருந்து வந்தது. போட்டியோ என்றால் குடிப்பது, பானம். மாயக்கதைகளில் வரும் ‘போஷன்’ என்ற சொல்லும் இதே லத்தீன் சொல்தான். ஒரே தாய்க்கு இரண்டு பிள்ளைகள். பாம்பின் நஞ்சைக் குறிக்கும் ‘வெனம்’ லத்தீனின் ‘வெனேனும்’. காதல் தெய்வமான வீனஸின் பெயரோடு வேர் தொடர்புள்ளது. முதலில் அது காதல் மயக்க மருந்தாக இருந்திருக்கிறது. நம் இடுமருந்தேதான்.

ஸ்வீடனில் ‘கிஃப்ட்’ என்றால் கல்யாணமானவர் என்கிறார்களே?

அங்கே எழுத்து அதேதான். ஆனால் உச்சரிப்பு ‘யிஃப்ட்’. பெயரடையாக வந்தால் ‘மணமானவர்’, பெயர்ச்சொல்லாக வந்தால் ‘நஞ்சு’. இரண்டும் உண்டு. பொருளைப் பொறுத்தவரை டென்மார்க்கிலும் நார்வேயிலும் இதே கதை.

இதில் கல்யாணப் பொருள்தான் ஸ்காண்டிநேவியாவின் சொந்தச் சரக்கு. நஞ்சுப் பொருள் ஜெர்மன் வணிகர்கள் வழியாக, வடஜெர்மனியின் கரையோரப் பேச்சிலிருந்து பிற்பாடு வந்து சேர்ந்தது. ஏற்கெனவே இருந்த வீட்டில் அதே பெயரோடு ஒரு விருந்தாளி வந்து தங்கிவிட்ட மாதிரி.

‘கொடுத்தது’ எப்படிக் கல்யாணமானது என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்கவே வேண்டியதில்லை. ‘பெண் கொடுக்கிறது’, ‘பெண் எடுக்கிறது’, ‘அவர்களோடு எங்களுக்குக் கொள்வினை கொடுப்பினை உண்டு’ என்றுதான் நம் வீடுகளில் பேசுகிறார்கள். ஸ்வீடிஷ் மொழியில் ‘யிஃப்ட்’ என்றால் அசல் பொருள் ‘கொடுக்கப்பட்டவள்’. தகப்பனோ அண்ணனோ பெண்ணைக் கொடுப்பார். அப்படிக் கொடுக்கும் உரிமை உள்ள ஆளுக்குப் பழைய ஸ்வீடிஷ் சட்டத்தில் ‘யிஃப்டுமான்’ என்று பெயரே இருந்தது. தொல்காப்பியத்தின் கற்பியல் முதல் நூற்பாவில் ‘கொடைக்குரி மரபினோர் கொடுப்பக் கொள்வதுவே’ என்று வரும். கொடைக்குரி மரபினோர், யிஃப்டுமான்: ஒன்றை மற்றதன் மொழிபெயர்ப்பாகவே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு ஊருக்கும் நடுவில் எந்தத் தொடர்பும் கிடையாது. பெண்ணைக் கொடுக்கும் பொருளாக நினைத்த வழக்கம்தான் பொது.

ஸ்வீடனின் 1734-ம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் திருமணத்தைப் பற்றிய பிரிவின் பெயரிலேயே இந்த ‘யிஃப்ட்’ இருந்தது. 1987-ல் கொண்டுவந்த இன்றைய திருமணச் சட்டத்தின் பெயரில் அது இல்லை. பெண்ணை யாரும் ‘கொடுக்க’ வேண்டியதில்லை என்று காலம் மாறிவிட்டது. ஆனால் ஆணும் பெண்ணும் இன்றும் ‘நான் யிஃப்ட்’ என்றுதான் சொல்கிறார்கள்.

இந்தக் கல்யாணப் பொருளுக்கு மிகப் பழைய சாட்சி ஒன்று ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. ‘வெள்ளிச் சுவடி’ என்று பெயர் பெற்ற 6-ம் நூற்றாண்டுப் பிரதி. ஊதா நிறம் தோய்த்த தோல் தாள்களில் வெள்ளி மையால் எழுதியது. 4-ம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற பாதிரியார் கோத்திக் மொழியில் பெயர்த்த நற்செய்திகள் அதில் உள்ளன. லூக்கா முதல் அதிகாரத்தில் மரியாள் யோசேப்புக்கு நிச்சயிக்கப்பட்டவள் என்று வரும் இடத்தில் வுல்ஃபிலா போட்ட சொல் ‘ஃப்ராகிஃப்ட்ஸ்’. நம் ‘கிஃப்ட்’ அதற்குள்ளேயே இருக்கிறது.

இரண்டு பொருளும் இருப்பதால் ஸ்வீடன்காரர்களுக்குக் குழப்பம் வராதா?

வராது. நாம் ‘மாலை’ என்றால் பூமாலையா, சாயங்காலமா என்று தடுமாறுகிறோமா? இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். அங்கேயும் அப்படித்தான். ‘ரொட்யிஃப்ட்’ என்றால் எலி மருந்து. ‘ஊயிஃப்ட்’ என்றால் மணமாகாதவர். ‘ஊயிஃப்டிக்’ என்றால் நஞ்சில்லாதது. ஒரு சின்ன ‘இக்’தான் வித்தியாசம். நஞ்சு பற்றி ஆலோசனை சொல்லும் அந்நாட்டு அரசு மையத்தின் பெயரிலும் ‘யிஃப்ட்’ இருக்கிறது. புதிதாகப் போன நம்மவர்கள் அதைத் திருமணத் தகவல் மையம் என்று நினைத்துக்கொள்வது உண்டு. அவசரத்துக்கு 112-ஐ அழைத்து ‘யிஃப்ட்’ தகவல் வேண்டும் என்று கேட்டால் அங்கே இணைத்துவிடுவார்கள். குழந்தை உள்ள வீட்டில் இந்தச் சொல்லைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இந்த இரட்டைப் பொருளை வைத்து ஸ்வீடனில் கல்யாணக் கேலிகள் ஏராளம். ஆனால் கல்யாணத்தை நஞ்சாக நினைத்து யாரும் இப்படிப் பெயர் வைக்கவில்லை.

ஐஸ்லாந்தில்?

எனக்கு இந்தப் பட்டியலிலேயே மிகவும் பிடித்தது ஐஸ்லாந்துதான். அங்கே ‘கிஃப்டா’ என்ற பெயர்ச்சொல்லுக்கு நல்ல காலம், பாக்கியம் என்று பொருள். கல்யாணப் பொருளும் பக்கத்திலேயே இருக்கிறது. தெய்வமோ விதியோ கொடுத்தது என்பதால் பாக்கியம்.

இதைப் படித்த அன்று என் பாட்டி ஞாபகம் வந்தது. நல்லது எதுவும் தனக்கு வாய்க்காதபோது, ‘எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை’ என்பார். கொடு என்ற வினையிலிருந்து கொடுப்பினை. கல்யாணம் பேசும்போதும் கொடுப்பினை, பாக்கியத்தைச் சொல்லும்போதும் கொடுப்பினை. வட அட்லாண்டிக்கில் எரிமலைத் தீவில் இருக்கிறவர்களும் இதே இரண்டு பொருளை இதே வினையிலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று பாட்டியிடம் சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அப்படியானால் ஆங்கிலத்தில் மட்டும் ‘பரிசு’ என்று நல்லபடியாக நின்றது எப்படி?

ஆங்கிலத்திலும் ஆரம்பத்தில் அப்படி இல்லை. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் பொருள் மணப்பெண்ணுக்காகக் கொடுக்கும் தொகை, நம் ஊர்ப் பரிசப் பணம் மாதிரி. பன்மையில் சொன்னால் திருமணம். 7-ம் நூற்றாண்டின் கடைசியில் வெசெக்ஸை ஆண்ட ஈனே என்ற மன்னனின் சட்டத்தில், ஒருவன் மனைவியை விலை பேசி, அந்தக் ‘கொடை’ நடக்காமல் போனால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது.

அந்தக் காலத்து உச்சரிப்பும் வேறு: ‘யிஃப்ட்’. பழைய ஆங்கிலத்தில் இ, எ போன்ற ஒலிகளுக்கு முன்னால் வரும் ‘க’ இளகி ‘ய’ ஆகிவிடும். ஜெர்மனில் ‘கெல்ப்’ என்பது ஆங்கிலத்தில் ‘யெல்லோ’ என்று இருப்பதும், தைக்கும் நூலைக் குறிக்கும் ‘கார்ன்’ இங்கே ‘யார்ன்’ என்று இருப்பதும் இந்த இளக்கத்தால்தான். அந்தக் கணக்குப்படி இன்று நாம் ‘பர்த்டே யிஃப்ட்’ என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்!

நடுவில் புகுந்தவர்கள் வைக்கிங்குகள். 9-ம் நூற்றாண்டிலிருந்து டென்மார்க், நார்வே பக்கத்திலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். அவர்கள் வாயில் அன்று ‘க’ கெட்டியாக இருந்தது. பக்கத்துப் பக்கத்து வயலில் உழுது, பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்ந்ததில் அவர்களுடைய ‘கிவ்’வும் ‘கிஃப்ட்’டும் ஆங்கிலத்துக்குள் இறங்கின, வடக்கிலிருந்து மெல்லத் தெற்கே பரவின. ‘கொடை’ என்ற பொதுப் பொருளும் அவர்களோடு சேர்ந்து வந்ததே. லண்டனில் 14-ம் நூற்றாண்டிலும் சாசர் போன்ற கவிஞர்கள் ‘யிஃப்ட்’ என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், கெட்டி ‘க’வைக் கொண்டுவந்த ஸ்காண்டிநேவியர்களில் ஸ்வீடன்காரர்களும் நார்வேக்காரர்களும் பிற்காலத்தில் அதை ‘ய’ ஆக்கிவிட்டார்கள்.

இதே போட்டி முட்டைக்கும் நடந்தது. இங்கிலாந்தின் முதல் அச்சுக்காரரான காக்ஸ்டன் 1490-ல் அச்சிட்ட ஒரு நூலின் முன்னுரையில் அதைச் சொல்கிறார். தேம்ஸ் ஆற்றில் காற்றுக்காகக் காத்திருந்த வணிகர்கள் கரையில் இறங்கினார்கள். ஒருவர் ஒரு வீட்டில் ‘எக்ஸ்’ கேட்டார். வீட்டுக்காரி, எனக்கு ஃபிரெஞ்சு தெரியாது என்றாள். அவருக்குக் கோபம் வந்தது. ஏனென்றால் அவருக்கும் ஃபிரெஞ்சு தெரியாது. கூட இருந்தவர் ‘எய்ரன்’ வேண்டும் என்றதும்தான் அவளுக்குப் புரிந்தது. எய்ரன் பழைய ஆங்கிலச் சொல். எக் வைக்கிங்குகள் கொண்டுவந்தது. ஜெயித்தது எக்.

ஜெர்மனில் ‘கொடை’ என்ற பழைய பொருள் சுத்தமாகப் போய்விட்டதா?

தனிச் சொல்லில் போய்விட்டது. ஒரு கூட்டுச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ‘மிட்கிஃப்ட்’. ‘மிட்’ என்றால் உடன். உடன் கொடுத்தது, அதாவது சீதனம். இதில் நஞ்சு எதுவும் இல்லை. வரதட்சணைக் கொடுமையைப் பார்த்தவர்கள் இந்தச் சொல்லைக் கேட்டதும் ‘பொருத்தமான பெயர்தான்’ என்பார்கள். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் சொல்லின் வரலாறு அதைச் சொல்லவில்லை.

டச்சு மொழி?

அவர்கள் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ‘கிஃப்’ என்றால் நஞ்சு, ‘கிஃப்ட்’ என்றால் நன்கொடை. இந்த ‘க’வைத் தொண்டையில் உரசிச் சொல்வார்கள். வருமான வரிப் படிவத்தில் நன்கொடைகளைக் காட்டும் இடத்தில் இந்தச் சொல் வரும், பயப்பட வேண்டாம். பிறந்தநாள் பரிசுக்கு அவர்கள் ஃபிரெஞ்சிலிருந்து வாங்கிய ‘கதோ’வைச் சொல்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிகான்ஸ் மொழியிலும் நஞ்சு ‘கிஃப்’.

ஜெர்மானிய மொழி அல்லாத இடங்களுக்கு இது போயிருக்கிறதா?

எஸ்தோனியாவுக்குப் போயிருக்கிறது. எஸ்தோனிய மொழி ஃபின்லாந்து மொழிக்கு உறவு, ஜெர்மனுக்கு அல்ல. அங்கே ஜெர்மன் வணிகர்கள் கொண்டுபோன சொல் ‘கிஹ்வ்ட்’ ஆகி நஞ்சைக் குறித்தது. பிறகு இளைஞர்கள் வாயில் விழுந்து, ‘பிரமாதம், அசத்தல்’ என்ற பொருளுக்கு மாறிவிட்டது. கொடை நஞ்சாகி, நஞ்சு மறுபடி நல்ல சொல்லாகி ஒரு சுற்று வந்திருக்கிறது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் ஜெர்மன் போலவே நஞ்சு.

லத்தீன், சமஸ்கிருதம் எல்லாம் இதில் சொந்தமா? தமிழ்?

‘கிவ்’ என்ற வினைக்கு லத்தீனில் ‘ஹபேரே’ என்பதைப் பல அகராதிகள் உறவாகக் காட்டுகின்றன. அதற்கு ‘வைத்திரு’ என்று பொருள். பழைய ஐரிஷ் மொழியில் உள்ள உறவுச் சொல்லுக்கோ ‘எடு’ என்று பொருள். கொடுப்பது, எடுப்பது, வைத்திருப்பது: ஒரு பொருள் கை மாறும் காட்சியை எந்தப் பக்கமிருந்து பார்க்கிறோம் என்பதுதான் வித்தியாசம். ஆங்கிலத்தின் ‘ஹேவ்’ இந்த ஹபேரேக்குச் சொந்தம் போலத் தெரியும். இல்லை. அதற்கு உண்மையான லத்தீன் உறவு, பிடிப்பதைக் குறிக்கும் ‘கபெரே’. பார்வைக்கு ஒன்று போல இருப்பதை நம்பினால் இப்படித்தான் ஏமாறுவோம்.

கிரேக்க ‘டோசிஸ்’ பக்கம் பார்த்தால் நமக்குத் தெரிந்த முகம் இருக்கிறது: சமஸ்கிருதத்தின் ‘தா’ என்ற வேர், அதிலிருந்து தானம். அன்னதானம், ரத்ததானம், கன்னிகாதானம் என்று தமிழில் புழங்கும் தானமும், மருத்துவமனையில் கேட்கும் டோஸும் ஒரே வேரில் முளைத்தவை. தமிழுக்கு இதில் உள்ள நேரான தொடர்பு அந்தக் கடன்சொல் வழியாகத்தான்.

தமிழின் ‘கொடு’வையும் ‘கிவ்’வையும் ஒன்றாக்கிக் கட்டுரைகள் சுற்றுகின்றன. அது சரியில்லை. முதல் எழுத்து ஒத்துப்போனால் உறவாகிவிடாது. கொடுப்பினைக்கும் ஐஸ்லாந்தின் கிஃப்டாவுக்கும் நான் மேலே காட்டியது ரத்த உறவு அல்ல. மனிதர்கள் எங்கிருந்தாலும் ஒரே மாதிரி யோசிக்கிறார்கள் என்பதைத்தான். அதுவே எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருக்கிறது.

பரிசும் நஞ்சும் ஒரே சொல்லில் இருப்பதற்கு ஆழமான காரணம் ஏதாவது சொல்லியிருக்கிறார்களா?

ஃபிரெஞ்சு சமூகவியலாளர் மார்செல் மோஸ் 1924-ல் இதைப் பற்றியே ஒரு சிறு கட்டுரை எழுதினார். தலைப்பே ‘கிஃப்ட், கிஃப்ட்’. லத்தீன் டோசிஸைப் பெயர்த்தார்கள் என்ற விளக்கம் மட்டும் அவருக்குப் போதவில்லை. பழைய ஜெர்மானியர்களிடையே முதன்மையான கொடை, கூடிக் குடிக்கும் பானம்தான் என்கிறார் அவர். ஒருவர் கையால் ஊற்றிக் கொடுத்த கிண்ணத்தில் இருப்பது அன்பா நஞ்சா என்று வாங்குகிறவருக்கு முழு நிச்சயம் இருக்க முடியாது. வாங்கிக் குடித்துவிட்டாலோ கொடுத்தவருக்குக் கடமைப்பட்டு விடுகிறோம்.

அவர் சொன்னதற்கு ஜெர்மனிலேயே ஒரு துணைச்சாட்சி உண்டு. இன்று அங்கே பரிசு கொடுப்பதற்கான வினை ‘ஷெங்கன்’. அதன் பழைய பொருள், குடிக்க ஊற்றிக் கொடுப்பது. வந்தவருக்கு ஊற்றிக் கொடுத்ததுதான் பரிசு. லத்தீனில் ‘பானம்’ என்ற சொல் பாய்சன் ஆனதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கிண்ணத்திலிருந்து ஒரு மொழி பரிசையும் இன்னொரு மொழி நஞ்சையும் எடுத்திருக்கின்றன.

சொற்பிறப்பைப் பொறுத்தவரை டோசிஸ் விளக்கமே உறுதியானது என்று நினைக்கிறேன். மோஸ் சொன்னது, அந்தச் சொல் ஏன் அவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டது என்பதற்கு நல்ல பதில்.

ஜெர்மனியில் ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போகிறேன். கையில் உள்ள பரிசை என்ன சொல்லிக் கொடுப்பது?

‘கெஷெங்க்’ என்று சொல்லுங்கள். மேலே சொன்ன ஷெங்கனிலிருந்து வந்தது. ஸ்வீடனில் ‘ப்ரெசெந்த்’. கொஞ்சம் பெரிய அளவில், அறக்கொடை மாதிரி என்றால் ‘கோவா’. கிறிஸ்துமஸ் பரிசுக்கு மட்டும் அங்கே தனிப்பெயர்: ‘யூல்க்லாப்’. க்லாப் என்றால் தட்டுவது. கதவைத் தட்டிவிட்டு, யார் என்று தெரிவதற்குள் பொட்டலத்தை உள்ளே எறிந்துவிட்டு ஓடும் பழைய வழக்கத்திலிருந்து வந்தது.

ஊரிலிருந்து ஜெர்மனிக்குப் பார்சல் அனுப்பும்போது படிவத்தில் ‘கிஃப்ட்’ என்ற கட்டத்தில் டிக் போடலாமா?

தாராளமாகப் போடலாம். சர்வதேசத் தபாலில் பயன்படும் சுங்க அறிவிப்புப் படிவம் ஆங்கிலத்திலும் ஃபிரெஞ்சிலும் அச்சிட்டது. கிஃப்ட் என்பதன் பக்கத்திலேயே ‘கதோ’ என்றும் இருக்கும். அதைத் தினமும் பார்க்கிற சுங்க அதிகாரிகளுக்கு அது பரிசு என்று தெரியும். உள்ளே என்ன பொருள், எத்தனை கிராம், என்ன விலை என்பதை மட்டும் தெளிவாக எழுதிவிடுங்கள். முறுக்குப் பெட்டியின் மேல் பேரனுக்குத் தெரியட்டும் என்று பெரிய எழுத்தில் ஏதாவது எழுத ஆசைப்பட்டால், அங்கே ‘கெஷெங்க்’ என்று எழுதுங்கள்.